இணையப்பக்கம் கற்க முதலில் எதை வாங்குவது?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, முடிவுக்காகப் பிள்ளைகள் காத்திருக்கும் மாதங்களில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "பையன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான். வெப்சைட் செய்யப் படிக்கிறேன் என்கிறான். எந்த லேப்டாப் வாங்கலாம், எந்த வகுப்பில் சேர்க்கலாம்?" வேலைக்குப் போகும் இளையர்கள் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். "சனி, ஞாயிறுதான் நேரம் கிடைக்கிறது. எதில் தொடங்கினால் அந்த நேரம் வீணாகாது?"

முதல் ஒரு மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். புதுக் கணினி வேண்டாம், கட்டண வகுப்பும் வேண்டாம். வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று உயிரோடு இருந்தால் போதும்.

இணையப்பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்பு. இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது இணைப்பு என்று உலாவிக்குச் சொல்லும் குறிச்சொற்கள் அதில் இருக்கும். அந்தக் குறிமுறைக்குத்தான் எச்.டி.எம்.எல். என்று பெயர். நிறம், அளவு, இடைவெளி போன்ற அலங்காரத்தைச் சொல்வது சி.எஸ்.எஸ். பக்கம் நாம் செய்வதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்ட். விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடில் பத்து வரி எழுதி, கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துச் சேமித்து, இரண்டு முறை சொடுக்கினால் உலாவியில் பக்கம் திறந்துவிடும். இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி 1991இல் வெளியுலகம் பார்த்த முதல் இணையத்தளமும் இப்படி வெறும் எழுத்தால் ஆனதுதான். அதன் ஆரம்பகாலப் பிரதி ஒன்றை செர்ன் இன்னும் வைத்திருக்கிறது. இன்றைய கைப்பேசியில் திறந்தாலும் அது ஒழுங்காகத் தெரிகிறது. அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்த ஃபிளாஷ் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். அசையும் பொம்மை, இசை என்று ஒரு காலத்தில் கண்ணைப் பறித்தவை. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அதை மட்டுமே கற்றிருந்தவர்கள் வேறு வேலை கற்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு கருவியைப் பார்க்கும்போது நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். நான் எழுதியதை இது எனக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா? நாளைக்கு இதை விட்டுப் போனால், செய்ததை என்னோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா?

பலர் தொடங்கும் விதம் இதற்கு நேர்மாறானது. யூடியூபில் "30 நாளில் வெப் டெவலப்பர்" என்று ஒரு காணொளி கிடைக்கிறது. முதல் பாடத்திலேயே நோட் ஜே.எஸ். இறக்கு, கறுப்புத் திரையில் இந்தக் கட்டளையைத் தட்டு, ரியாக்ட் நிறுவு என்கிறார்கள். இரண்டாவது கட்டளையில் சிவப்பு எழுத்தில் இருபது வரிப் பிழைச் செய்தி வருகிறது. காணொளியில் பேசுபவருக்கு வரவில்லை, நமக்கு மட்டும் வருகிறது. அவர் பயன்படுத்தியது மூன்று ஆண்டுக்கு முந்தைய பதிப்பாக இருக்கலாம் என்பது புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது" என்று மூடிவைத்துவிடுகிறார். பதினேழு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டால் அதை அழிப்பது சிரமம். வீட்டில் உள்ளவர்களும், "அவனுக்கு அதில் நாட்டமில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிள்ளை தடுக்கி விழுந்தது கணினிப் பாடத்தில் அல்ல, அதற்கு முன்னால் குவித்துவைத்த ஏழெட்டுக் கருவிகளில். இது யார் கண்ணிலும் படுவதில்லை.

ரியாக்டில் குறை ஒன்றும் இல்லை. ஃபேஸ்புக் நிறுவனம் தன் தேவைக்காக உருவாக்கி 2013இல் பொதுவில் விட்ட கருவி அது. நொடிக்கு நொடி மாறும் திரைகளுக்கு அருமையானது. வேலை விளம்பரங்களில் அதன் பெயர் இருப்பதும் உண்மைதான். ஆனால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கைவந்த பிறகு அதைத் தொடுபவருக்கும், முதல் நாளே தொடுபவருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் உண்டு.

சரி, எதில் எழுதுவது? முதல் வாரம் நோட்பேட். மேக் வைத்திருப்பவர்கள் டெக்ஸ்ட்எடிட்டைத் திறந்து, வெற்று எழுத்து முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வோர்ட் மட்டும் வேண்டாம். அது நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், உலாவிக்கு அப்படி இல்லை. பிழை எங்கே என்று அரை நாள் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாரத்தில் மைக்ரோசாஃப்டின் வி.எஸ். கோட் செயலிக்கு மாறலாம். 2015இல் வந்தது, இலவசம். குறிச்சொற்களை வண்ணம் பிரித்துக் காட்டும். திறந்த குறிச்சொல்லை மூட மறந்தால் கண்டுபிடிப்பது எளிது. நூற்றுக்கணக்கான துணைச் செயலிகளை அதில் சேர்க்க முடியும். சேர்க்காதீர்கள். சேமித்த உடனே உலாவியில் மாற்றத்தைக் காட்டும் லைவ் சர்வர் ஒன்று போதும். இப்போது வரும் பதிப்புகளில் அடுத்த வரியைச் சாம்பல் நிறத்தில் தானே எழுதிக் காட்டும் செயற்கை நுண்ணறிவு வசதியும் இருக்கிறது. கற்கும் காலத்தில் அதை அணைத்துவைப்பது நல்லது. பள்ளிப் பிள்ளை கணக்குப் போடும்போது பின்னால் நின்று விடையைக் காதில் ஓதுகிற அண்ணன் மாதிரி அது.

சாட்ஜிபிடி போன்றவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அப்படிச் சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "எனக்கு ஒரு பக்கம் செய்து கொடு" என்றால் அரை நிமிடத்தில் அழகான பக்கம் வரும். அதில் ஒரு வரி கெட்டுப்போனால் எங்கே கைவைப்பது என்று தெரியாது. அதற்குப் பதிலாக, நீங்கள் எழுதிய இருபது வரியை அதனிடம் கொடுத்து, "இந்தப் படம் ஏன் நடுவில் வரவில்லை? விடையை எழுதிக் கொடுக்காதே, காரணத்தை மட்டும் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது லேசான விஷயம் அல்ல. அது தப்பாகச் சொல்வதும் உண்டு என்பதால், சொன்னதை உலாவியில் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த கற்றல் கருவி ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதுவானாலும் எஃப்12 விசையை அழுத்திப் பாருங்கள். திறந்திருக்கும் பக்கத்தின் எலும்புக்கூடு பக்கவாட்டில் தெரியும். ஒரு செய்தித் தளத்தின் தலைப்பைச் சொடுக்கி அதில் உங்கள் பெயரை எழுதலாம், நிறத்தை மாற்றலாம். மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான், பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும். வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள். அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். அதே இடத்தில் கைப்பேசித் திரையின் அகலத்தில் பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள் என்பதால் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதை முடியுங்கள். எது நல்லது என்று தேடியே மூன்று மாதம் ஓட்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கையைப் பிடித்து நடத்த ஃபிரீகோட்கேம்ப் நல்ல இடம். 2014இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. பாடமும் சான்றிதழும் இலவசம். படிப்படியாக எழுதவைத்து, எழுதியதை அங்கேயே சரிபார்க்கும். அதன் பலவீனமும் அதுதான். அங்கே ஐம்பது படி முடித்தவர், வெறும் கோப்பைத் திறந்து உட்கார்ந்தால் முதல் வரி எழுதத் தடுமாறுவார். அதனால் ஒவ்வொரு பாடத்தையும் முடித்த கையோடு, அதே விஷயத்தைத் தன் சொந்தக் கோப்பில் பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் புரட்டும் அகராதியாக மோசில்லா அமைப்பின் எம்.டி.என். ஆவணங்களை வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நடை கொஞ்சம் கனமாகத் தெரியும், பழகிவிடும். கூகுளில் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது டபிள்யூ3ஸ்கூல்ஸ். எளிமையானது, சட்டென்று ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்க உதவும். பெயரைப் பார்த்து அது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். நார்வே நாட்டுத் தனியார் நிறுவனத்தின் தளம் அது, டபிள்யூ3சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தி ஓடின் புராஜெக்ட் என்ற இன்னோர் இலவசப் பாடத்திட்டம் இருக்கிறது. ஆழமானது. லினக்ஸ், கிட் என்று ஆரம்பத்திலேயே நிறையக் கேட்கும். இதைத் தொழிலாக எடுக்க முடிவு செய்துவிட்ட இளையர்களுக்கு ஏற்றது.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்குத் தமிழிலும் வழி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் கணியம், "எளிய தமிழில்" என்ற பெயரில் கணினி நுட்ப மின்னூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, குறிச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் எந்த இழப்பும் இல்லை.

புத்தகம் வாங்க விரும்புகிறவர்கள் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். ஜான் டக்கெட் எழுதி 2011இல் வந்த எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். புத்தகம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அழகு. குறிச்சொற்களைப் பற்றிய பகுதிகளை இன்றும் தைரியமாகப் படிக்கலாம். பக்கத்தைக் கட்டம் பிரிக்கும் பகுதி மட்டும் பழைய முறை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகியவை உலாவிகளில் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். கிரிட் முக்கிய உலாவிகளுக்கு வந்ததே 2017இல். எந்தப் புத்தகத்தையும் காணொளியையும் இந்த ஒரு சோதனையில் எடைபோடலாம்: அந்த இரண்டு பெயர்களும் அதில் இல்லையென்றால், பக்க அமைப்பை அதிலிருந்து கற்க வேண்டாம்.

பாடத்தோடு ஒரு சொந்த வேலையும் வேண்டும். தீபாவளிக்கு அம்மா முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பக்கம். பலகாரங்களின் பெயர், படம், விலை, கடைசித் தேதி, வாட்ஸ்அப்பில் நேரே செய்தி திறக்கும் இணைப்பு. அந்த இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீடு 60இலிருந்து தொடங்கி, கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் இல்லாமல் எழுத வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் நாலைந்து எம்.பி. இருக்கும். அப்படியே போட்டால் பக்கம் திறப்பதற்குள் அத்தை வேறு கடையில் வாங்கிவிடுவார். கூகுளின் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு பக்கத்தை ஒழுங்காக முடிப்பதற்குள் பாடத்தில் பாதி கைக்கு வந்துவிடும்.

அந்தப் பக்கம் தமிழில் இருக்கட்டும். அதில்தான் எந்தப் பாடமும் சொல்லித்தராத சில விஷயங்கள் தெரியவரும்.

இந்த வட்டாரத்துக்கு அதில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழ் எழுத்தும் அங்கே தெரிய வழி செய்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் வடித்ததே. அந்த ஆரம்ப ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு முறையை வைத்திருந்தன. தளத்தைப் படிக்க அதற்கான எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதி, மாற்றாமல் விட்ட பக்கங்களை இன்று திறந்தால் கோழி கிளறியதுபோல் குறிகள்தான் தெரியும். எழுதியவரின் உழைப்பு அங்கேயே இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. யூனிகோட் வந்து பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆகவே கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில் சேமிப்பதும், பக்கத்தின் தலைப்பகுதியில் அதைக் குறிப்பிடுவதும் முதல் நாள் பழக்கமாக வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேட் வேறு முறையில் சேமிக்கும், தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். 2019க்குப் பிந்தைய விண்டோஸில் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது, பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் குறிச்சொல்லிலேயே அறிவிக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் செயலி எந்த மொழியில் வாசிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யும்.

இன்னொன்று அலங்காரம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வடிவமைப்புகள் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஆறு எழுத்து ஆங்கிலச் சொல் இருந்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதிப் பாருங்கள், சட்டை கிழியும். கைப்பேசியில் நீளமான தமிழ்ச் சொல் திரையைத் தாண்டி ஓடும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்படி சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள், மேல்விலங்கும் கீழ்க்கொக்கியும் ஒன்றோடொன்று முட்டாது. சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவம் இல்லாததால், உலாவி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துவிடும். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், பெரும்பாலான இடங்களில் ஒழுங்காகத் தெரியும்.

இவ்வளவு எதற்கு, இழுத்துப்போட்டுப் பக்கம் கட்டும் சேவைகள் இருக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு: கடைக்கு நாளைக்கே ஒரு தளம் வேண்டுமென்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கற்பதற்கு அது உதவாது. நம் ஊர் ஓட்டுநர் உரிமம் மாதிரிதான். டி உரிமம் எடுத்தவர் இரண்டு வகைக் காரையும் ஓட்டலாம். டிஏ எடுத்தவருக்கு ஆட்டோ கியர் மட்டும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு வழங்கிக்கு எடுத்துச் செல்ல முடியாது, மாற வேண்டுமானால் புதிதாகக் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் திறந்த மூலச் செயலி என்பதால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போகலாம். இலவச இடத்தை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜியோசிட்டீஸ் இருக்கிறது. லட்சக்கணக்கானோரின் சொந்தப் பக்கங்கள் அங்கே இருந்தன, 2009இல் யாகூ அதை மூடியது. தன் கோப்புகளைத் தன் கணினியில் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

பக்கம் தயாரானதும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். கிட் பயமுறுத்தினால் நெட்லிஃபையில் கோப்புறையை அப்படியே இழுத்துப் போடலாம். இரண்டிலும் மூலக் கோப்பு உங்களிடமே இருக்கும்.

கட்டண வகுப்பைப் பற்றி யோசிப்பதும் இதற்குப் பிறகுதான். சில ஆயிரம் ரிங்கிட் வாங்கும் வகுப்புகள் இருக்கின்றன. நல்ல வகுப்பில் கிடைப்பது பாடம் அல்ல, அது இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் எழுதியதை ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருத்துவதற்கும், வாரந்தோறும் முடித்துக் காட்ட வேண்டிய கட்டாயத்துக்கும்தான் அந்தப் பணம். எனவே சேர்வதற்கு முன், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்றும், வீட்டுப்பாடத்தை யார் திருத்துவார் என்றும் கேளுங்கள். சென்ற முறை படித்தவர்கள் செய்த பக்கங்களில் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் நிறம் மட்டும் மாறிய ஒரே பக்கமாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். வேலை உறுதி என்று விளம்பரத்தில் இருந்தால், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதன்முதலாகப் பணம் செலவாக வேண்டிய இடம் என்றால் அது சொந்த இணைய முகவரிதான். அம்மாவின் பலகாரப் பக்கம் ஒரு தீபாவளி தாண்டி நின்றுவிட்டால் அதை வாங்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கட்டணம் அது. முதல் ஆண்டு விலை மலிவாக இருக்கும், இரண்டாம் ஆண்டு விலை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பதிவு செய்து தரும் உறவினரோ நண்பரோ எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முகவரி அம்மாவின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவையுங்கள்.